நெஞ்செரிச்சலை "கேஸ்" என்று தள்ளிவிடாதீர்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் வேறு விஷயங்களைப் பேசுவோம். இன்று உங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் ஒரு குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நம் கடைத்தெருவில் பல கல்லாப்பெட்டிகளைத் திறந்தால் பணத்தோடு ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். மேசை ஓரத்தில் ஜெலுசில் பாட்டில் இருக்கும். இல்லாவிட்டால் ஈனோ பாக்கெட் இருக்கும். "என்ன பாய் இது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, கேஸ் ட்ரபிள்தான்" என்று பதில் வரும். "எத்தனை வருடமாக?" என்று கேட்டால், "அது கிடக்கிறது, எட்டுப் பத்து வருடமாக" என்பார்கள். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. மருந்துக்கடைக்காரர்தான் அவர்களுக்கு மருத்துவர்!

நான் மருத்துவன் அல்ல, மதரஸாவில் ஓதியவன். மருத்துவர்களிடம் கேட்டும், மருத்துவம் பற்றிப் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: நெஞ்செரிச்சல் என்பது உடல் அனுப்பும் ஒரு செய்தி. பெரும்பாலும் அது சாதாரணச் செய்திதான். சில வேளைகளில் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மாத்திரையைப் போட்டு அதன் வாயை அடைத்துக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

குழாயும் கதவும்

தொண்டையிலிருந்து இரைப்பை வரை உணவைக் கொண்டுபோவது உணவுக்குழாய். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அது வெறும் ரப்பர் குழாய் போன்றதல்ல, தசையால் ஆனது. நீங்கள் விழுங்கிய கவளத்தை அலை அலையாகச் சுருங்கிக் கீழே தள்ளுகிறது. அதனால்தான் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தக் குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. அதுதான் கதவு. விழுங்கும்போது திறக்கும், உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைச்சுவரும் அந்த இடத்தில் வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஏன் இவ்வளவு காவல்? இரைப்பைக்குள் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை இரைப்பை நீர் சுரக்கிறது. உணவைச் செரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் அது தேவை. இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான சளிப்படலம் பூசப்பட்டிருப்பதால் அமிலம் அதை அரிப்பதில்லை. உணவுக்குழாய்க்கு அந்தப் பூச்சு கிடையாது. கதவு சரியாக மூடாமல் அமிலம் மேலே ஏறினால் குழாய் வெந்து போகிறது. நெஞ்சு நடுவே எரிகிறது. வாயில் புளிப்பும் கசப்பும் தட்டுகிறது. இதைத்தான் எதுக்களிப்பு நோய் என்கிறார்கள்.

ஆக, "கேஸ்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் காற்று அல்ல, அமிலம்! கோலி சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டால் சற்று நிம்மதியாக இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஏப்பத்துக்கும் அந்தக் கதவு திறக்கிறது. காற்றோடு அமிலமும் மேலே வருகிறது. சோடா நோயைத் தீர்ப்பதில்லை, கதவைத் திறந்துவிடுகிறது.

கதவு ஏன் பழுதாகிறது?

நம் வணிகர்களின் அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். மதிய உணவு மூன்று மணிக்கு. இடையில் ஏழெட்டு டீ. இரவு பத்தரைக்குக் கடையைப் பூட்டி, கணக்கு முடித்து, பதினொன்றரைக்குப் பரோட்டாவும் சால்னாவும், இல்லாவிட்டால் பிரியாணி. பன்னிரண்டு மணிக்குப் படுக்கை. இதைவிட வசதியாக அமிலத்தை மேலே அழைக்க முடியாது!

வயிறு முட்ட நிரம்பினால் கதவு அடிக்கடி தானாகத் தளர்கிறது. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். நின்றுகொண்டிருந்தால் புவியீர்ப்பு அமிலத்தைக் கீழே பிடித்து வைக்கும். படுத்தால் அந்த உதவியும் போய்விடும். விழித்திருக்கும்போது எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அது குழாயைக் கழுவிவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் குறைந்துவிடுகின்றன. அதனால் இரவில் ஏறும் அமிலம் நீண்ட நேரம் அங்கேயே தங்கி அரிக்கிறது.

தொந்தி வயிற்றை அழுத்துகிறது. இறுக்கமான பெல்ட்டும் அழுத்துகிறது. பீடி, சிகரெட் கதவைத் தளர்த்துகின்றன. கர்ப்பிணிப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுக்குள் ஏறிவிடுவதும் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு இரைப்பை காலியாவதே தாமதமாகிறது. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் கதவைத் தளர்த்தும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

எப்போதாவது விருந்துக்குப் பிறகு எரிந்தால் அது நோயல்ல. வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ, வாரக்கணக்கில் தொடர்ந்து எரிந்தால் அது நோய். சாப்பிட்ட சூட்டோடு தொழுகைக்கு நின்று, ஸஜ்தாவுக்குப் போகும்போது புளிப்பு நீர் தொண்டைக்கு வருகிறதா? கதவு சரியில்லை என்று அர்த்தம்.

நெஞ்சு எரியாமலேயே இந்த நோய் வருவதும் உண்டு. விடாத வறட்டு இருமல், காலையில் குரல் கட்டுதல், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வு, இரவில் திடீர் மூச்சுத்திணறல், பல்லின் பின்புறம் தேய்தல் ஆகியவற்றுக்கும் அமிலம் காரணமாக இருக்கலாம்.

கேஸா? மாரடைப்பா?

சகோதரர்களே! இந்தப் பகுதியை மட்டுமாவது மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓடுகிறது. இரண்டின் வலியும் நடு நெஞ்சில்தான் தெரியும். மாரடைப்பை "கேஸ்" என்று நினைத்து, ஈனோவைக் கரைத்துக் குடித்து, "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவது போன்ற பாரம், வியர்த்துக் கொட்டுதல், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, மூச்சு வாங்குதல், மயக்கம், மாடிப்படி ஏறும்போதோ மூட்டை தூக்கும்போதோ வந்து நின்றால் குறையும் வலி: இவற்றில் எது இருந்தாலும் அதை மாரடைப்பு என்றே கருதி உடனே 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மருத்துவர் "கேஸ்தான்" என்று சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் அது வெறும் குமட்டலாகவோ, மேல்வயிற்று எரிச்சலாகவோ, சோர்வாகவோ வரலாம். "கேஸாக இருந்தால் வெட்கமாகப் போய்விடுமே" என்று தயங்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி வருவதில் என்ன வெட்கம்?

மாத்திரை நண்பனா, எதிரியா?

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மருந்துகள் மனிதகுலத்துக்குப் பெரும் உபகாரம் செய்தவை. 1976-ல் பிரிட்டனில் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஆய்வுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். அதே 1988-ல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்று ஒமிப்ரசோலைக் கொண்டுவந்தது. இரைப்பையில் அமிலத்தை வெளியேற்றும் பம்புகளையே நிறுத்திவைக்கும் மருந்து அது. இன்று நம் ஊரில் விற்கும் பேன்டோபிரசோல், ரேபிபிரசோல், ஈசோமிப்ரசோல் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புண்பட்ட உணவுக்குழாயை 4 முதல் 8 வாரங்களில் ஆற்றும் வல்லமை அவற்றுக்கு உண்டு.

ஆனால் நாம் எப்படிப் போடுகிறோம்? எரியும்போது ஒன்று, பிரியாணிக்குப் பிறகு ஒன்று! இந்த வகை மாத்திரையை வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைவு.

இன்னொரு பாடத்தையும் கவனியுங்கள். ரானிடிடின் என்ற மாத்திரையை நம் நாட்டில் மிட்டாய் போலத் தின்றோம். 2019-ல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அஞ்சப்படும் பொருள் கலந்திருப்பது தெரிய வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்து முழுவதும் திரும்பப் பெறச் சொன்னது. 2022-ல் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. சாதாரண மாத்திரைதானே என்று வருடக்கணக்கில் தானாக வாங்கி விழுங்குவது எவ்வளவு அறியாமை!

ஒமிப்ரசோல் குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் போடும்போது வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம். திடீரென நிறுத்தினால் சில வாரங்கள் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படும். அவர்கள் பயந்து நிறுத்தக் கூடாது. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஈனோ போன்ற பொடிகளில் சோடியம் அதிகம் என்பதை இரத்த அழுத்தக்காரர்கள் நினைவில் வையுங்கள்.

கவனிக்காமல் விட்டால்?

அமிலம் திரும்பத் திரும்ப ஏறினால் குழாயின் உட்சுவர் புண்ணாகிறது. புண் ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பேறிக் குழாய் சுருங்கிப் போகலாம். வேறு சிலருக்கு அந்தச் சுவரின் தோலே மாறிவிடுகிறது. குடலின் உட்சுவர் போன்ற புதுத் தோல் அங்கே வளர்கிறது. 1950-ல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை சிகிச்சை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரால் இதை "பாரெட் உணவுக்குழாய்" என்கிறார்கள். இது வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனாலும் மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால் மருத்துவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இங்கேதான் ஒரு தந்திரம் இருக்கிறது. குழாயின் தோல் மாறிவிட்டால் சிலருக்கு எரிச்சல் குறைந்துவிடும்! "கேஸ் சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்து போவார்கள். எரிச்சல் குறைந்ததால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

டீயும் பாக்கும்

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, இப்போது சொன்ன அமிலத்தால் குழாயின் அடிப்பகுதியில் வருவது. மேலைநாடுகளில் இதுதான் அதிகம். மற்றொன்று, குழாயின் இயல்பான தோலிலேயே வருவது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், நம் இந்தியாவிலும் அதிகம் காணப்படுவது இந்த இரண்டாவது வகைதான். உலகம் முழுவதும் 2022-ல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள். வந்தவர் எத்தனை, போனவர் எத்தனை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு பேர் இறப்பதற்குக் காரணம், பெரும்பாலோர் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருவதுதான்.

இந்த இரண்டாவது வகைக்குக் காரணங்கள் எவை? புகையிலை, மது, வெற்றிலையோடு மெல்லும் பாக்கு, மிதமிஞ்சிய சூட்டில் குடிக்கும் பானங்கள்.

ஈரானின் வடக்கே கோலெஸ்தான் என்றொரு மாகாணம் இருக்கிறது. துர்க்மென் முஸ்லிம்கள் அதிகமாக வாழும் பகுதி. மதுப்பழக்கம் மிகக் குறைவு; ஆனால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். ஏன் என்று ஆராய்ந்தார்கள். அங்கே அபின் பழக்கம் ஒரு காரணமாகத் தெரிந்தது. மற்றொரு காரணம் டீ! 2009-ல் வெளியான ஆய்வில், வெதுவெதுப்பாகக் குடிப்பவர்களைவிட 70 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பவர்களுக்கு ஆபத்து சுமார் 8 மடங்கு என்று கண்டார்கள். ஊற்றி நான்கு நிமிடத்துக்குப் பிறகு குடிப்பவர்களைவிட, இரண்டு நிமிடத்துக்குள் குடித்துவிடுபவர்களுக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு. 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்று அறிவித்தது. குற்றம் டீயில் இல்லை, சூட்டில் இருக்கிறது! "ஆவி பறக்கக் கொடுங்கள் மாஸ்டர்" என்று வாங்கி, வியாபாரம் காத்திருக்கிறதே என்று ஒரே மூச்சில் இறக்குகிறோமே, நான்கு நிமிடம் ஆற்றிக் குடித்தால் என்ன நஷ்டம்?

அடுத்து பாக்கு. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிக்காஹ் வீட்டில் வெற்றிலைப் பாக்குத் தட்டு இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். விருந்தாளிக்கு நோயைத் தட்டில் வைத்து நீட்டுவதா மரியாதை? பேரீச்சம்பழம் கொடுங்கள்.

வணிகச் சகோதரர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். தமிழக அரசு 2013-ல் குட்கா, பான் மசாலா விற்பனைக்குத் தடை விதித்தது. அதற்குப் பிறகும் கடைக்குள் மறைத்து வைத்து விற்பவர்கள் இல்லையா? ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் சில்லறை லாபத்துக்காக, பள்ளிக்கூடப் பையனின் தொண்டையில் நெருப்பை வைக்கலாமா? சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, இறைவனுக்குப் பயந்து விடுங்கள்.

இந்த அடையாளங்கள் இருந்தால் தாமதிக்காதீர்கள்

முதல் அடையாளம், விழுங்கும்போது உணவு தடைபடுதல். இது எப்படித் தொடங்கும் தெரியுமா? முதலில் இறைச்சித் துண்டும் பரோட்டாவும் நெஞ்சில் நிற்கும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கும். அவர் பரோட்டாவைச் சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிடப் பழகிக்கொள்வார். பிறகு சோறு தடைபடும். குழைய வடிக்கச் சொல்வார். பிறகு கஞ்சி மட்டும். வீட்டில் உள்ளவர்கள், "அத்தாவுக்கு வயதாகிவிட்டது, கஞ்சிதான் ஒத்துக்கொள்கிறது" என்பார்கள். தண்ணீர்கூட இறங்காதபோதுதான் மருத்துவமனைக்குப் போவார்கள். உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை உள்ளது. அதன் பெரும்பகுதி அடைபட்ட பிறகே தடை நமக்குத் தெரிகிறது. எனவே முதல் முறை பரோட்டா நின்ற வாரத்திலேயே பார்த்தாக வேண்டும்!

மற்ற அடையாளங்கள்: விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைதல், இரத்த வாந்தி அல்லது காப்பித்தூள் நிற வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இரத்தசோகை, விடாத வாந்தி, வாரக்கணக்கில் குரல் கம்மல், ஐம்பதைத் தாண்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் நெஞ்செரிச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் பார்க்கும் வேலை கூடாது. எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும்.

எண்டோஸ்கோப்பி என்றதும் பலருக்கு நடுக்கம். 1868-ல் ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் முதன்முதலில் இரைப்பைக்குள் பார்க்க நினைத்தபோது, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் உதவிக்கு அழைத்தார். வளையாத நேர்க்குழாயை வேறு யாரால் விழுங்க முடியும்? இன்று அந்தக் கஷ்டம் இல்லை. சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள, நன்றாக வளையும் குழாய். தொண்டையை மரத்துப்போகச் செய்து உள்ளே விடுகிறார்கள். பத்து நிமிட வேலை. சந்தேகமான இடத்தில் துளி சதையெடுத்துச் சோதிப்பார்கள், அதுவும் வலிக்காது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கேளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், சிலருக்கு மேல்தோலில் உள்ள புற்றைக் குழாய் வழியாகவே அகற்றிவிட முடிகிறது. முற்றிய பிறகு பெரிய அறுவை, கதிர்வீச்சு, கீமோ என்று வீட்டை விற்கும் நிலை வருகிறது.

நம் முன்னோர் இந்த நோயை அறியாதவர்கள் அல்லர். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர் என்ற மருத்துவ மேதை, உணவுக்குழாய் அடைபட்டு மெலிந்துபோகும் நோயை விவரித்து, குழாய் வழியாக உணவு செலுத்தும் வழியையும் எழுதி வைத்தார். அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், ஒரு பரிசோதனைக்குப் பயந்து ஓடலாமா?

எல்லாத் தடையும் புற்றுநோய் அல்ல

விழுங்குவதில் தடை என்றதும் புற்றுநோய்தான் என்று கலங்கவும் வேண்டாம். அமிலத்தால் வந்த தழும்புச் சுருக்கத்தை எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிடலாம். "அகலேசியா" என்றொரு நோய் உண்டு. அதில் கீழே உள்ள கதவு திறக்கவே மறுக்கிறது. சோறும் தண்ணீரும் சேர்ந்தே தடைபடும். 1674-ல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சைக் கட்டி உணவைத் தள்ளி ஒரு நோயாளியைக் காப்பாற்றினார். 2008-ல் ஜப்பானிய மருத்துவர் இனோவே, வெளியில் கத்தி படாமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்தத் தசையை அறுக்கும் முறையைத் தொடங்கினார். மருந்துக்கு அடங்காத எதுக்களிப்புக்கும் கதவை இறுக்கிக் கட்டும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

மாத்திரையும் குழாயைப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின், இரும்புச் சத்து, பொட்டாசியம், சில வலி மாத்திரைகள் நடுவில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வெந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள்.

வீட்டிலும் கடையிலும் சிறு பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ரிமோட், பொம்மை, கடிகாரத்தில் உள்ள பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள் குழாய் வெந்துவிடும். "தானாக வெளியே வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். அடுத்து, கழிவறை ஆசிட்டையும் நகைப்பட்டறை ஆசிட்டையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசலும் கொடுக்கக் கூடாது. ஏறி வரும் ஆசிட் இரண்டாவது முறை குழாயைச் சுடும். நேரே மருத்துவமனைதான்.

என்ன செய்யலாம்?

இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்கட்டும். "கடையைப் பூட்டவே பத்தரையாகிறதே" என்பீர்கள். இரவு உணவை எட்டு மணிக்கே கடைக்கு வரவழைத்துச் சாப்பிடுங்கள். வீடு போய்ப் பசித்தால் ஒரு பழம் போதும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். இடது பக்கமாகப் படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். தொந்தியைக் குறையுங்கள், பல நேரங்களில் இதுவே பாதி மருந்து. எந்த உணவு உங்களுக்கு எரிச்சல் தருகிறது என்று கவனித்து அதை மட்டும் விடுங்கள். எல்லோருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. வயிற்றில் ஒரு பங்கைக் காலியாக விடச் சொன்ன நபிமொழியைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். கேட்டதைத் தட்டில் காட்டுவது எப்போது?

ரமலானில் பலருக்கு எரிச்சல் கூடுவது நோன்பினால் அல்ல, இஃப்தாரினால்! நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதோடு வடை, பஜ்ஜி, சமோசா என்று அடுக்கி, தராவீஹ் முடிந்து மறுபடி பரோட்டா சாப்பிட்டு, ஸஹரில் வயிறு நிறைய உண்டு, ஃபஜ்ர் தொழுததும் சாய்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? மருந்து சாப்பிடுபவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரத்தக்கசிவு, கடும் புண் உள்ளவர்கள் மருத்துவர் தடுத்தால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் யார் எத்தனை வருடமாகக் கேஸ் மாத்திரை போடுகிறார்கள் என்று இன்றிரவே கேளுங்கள். யாராவது சோற்றைக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், அவர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்வதைக் கேட்காமல் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தெருவில் விபத்து நடந்தால் ஓடிவந்து இரத்தம் கொடுக்கிறீர்கள். சத்தமில்லாமல் வீட்டுக்குள் நடக்கும் விபத்து இது. ஆறு மாதம் முன்னால் அழைத்துப் போனால் ஒரு குடும்பத்தின் தலைவர் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவார்.

கடை நாளையும் திறக்கும். கணக்கு நாளையும் பார்க்கலாம். பரோட்டா நெஞ்சில் நின்ற செய்தியை மட்டும் நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தருவானாக! வஸ்ஸலாம்.